முப்பத்தெட்டாம் நாள் வந்த பெட்டிசன்
பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடும் வழக்கும்: சாதாரண வாசகருக்கான ஒரு விளக்கம்

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு ஊரில் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. பெட்டிசன் எழுதிக் கொடுப்பது. காணிப் பிரச்சினை, சமுர்த்திப் பெயர் வெட்டு, இடமாற்றம், மின்சாரக் கம்பம் என்று எல்லாம் கடைசியில் தமிழ் சேரின் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நானும் இருபது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மீன் வியாபாரம் செய்கிற ஒருவர் வந்தார். கூடவே அவருடைய மகன். பத்தொன்பது வயது. பதினொராம் ஆண்டில் என்னிடம் படித்தவன்.

“சேர், ஒரு பெட்டிசன் எழுதித் தரணும். பொலிஸுக்கு எதிரா.”

“என்ன காக்கா நடந்த?”

கதை சின்னதுதான். பொடியன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்திருக்கிறான். வீதியில் மறித்திருக்கிறார்கள். வாய்த்தர்க்கம். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒருவர் உள்ளங்கையை விரித்து இடது காதில் அறைந்திருக்கிறார். விடிய விட்டுவிட்டார்கள். வழக்குமில்லை, நீதிமன்றமுமில்லை. விடும்போது சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வரை அவனுக்குத் தெரியாது. வைத்தியசாலையில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எப்ப நடந்த?”

“போன மாசம் நாலாந் திகதி சேர்.”

அன்று பதினொராம் திகதி. முப்பத்தெட்டு நாள் போயிருந்தது. இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதலில் ஓர் அரசியல்வாதியின் இணைப்பாளரிடம் போயிருக்கிறார். “நான் ஓ.ஐ.சி.யோட கதைக்கிறன், பொறுங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் அதிலே போயிற்று. பிறகு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். “இதப் பெரிசாக்க வேணாம், நாளைக்கு அவனுகள்ட முகத்துலதான் முழிக்கணும்” என்றிருக்கிறார்கள். அதில் இன்னும் பத்து நாள். பொடியனுக்குக் காது கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் வாப்பாவுக்குக் கோபம் வந்திருக்கிறது.

நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்குப் போவதற்குச் சட்டம் கொடுத்த காலம் ஒரு மாதம். அது முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கும் அது சரியாகத் தெரியாது. இருபது வருடம் பெட்டிசன் எழுதியவனுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் இது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பெயர்க் குழப்பம்

முதலில் ஒரு சொல் விளக்கம். இந்தியப் பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் பார்த்துப் பழகிய எங்களில் பலர் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் மாநிலத் தலைநகரில் இருக்கிற ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே எல்லாவற்றுக்கும் மேலானது. கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. பெரிய குற்ற வழக்குகளை விசாரிப்பது மேல் நீதிமன்றம். பிணை, விளக்கமறியல் என்று நாம் அடிக்கடி போவது நீதவான் நீதிமன்றம். காணி, கடன், நட்டஈடு என்ற சிவில் வழக்குகளுக்கு மாவட்ட நீதிமன்றம். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் செய்த ஒரே காரியத்துக்காக இவற்றில் வெவ்வேறு நீதிமன்றங்களுக்கு வெவ்வேறு நோக்கத்தோடு போகலாம். எதற்கு எங்கே போவது என்று தெரியாததுதான் பாதிப் பிரச்சினை.

உரிமை எங்கே எழுதியிருக்கிறது?

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் மூன்றாவது அத்தியாயம் அடிப்படை உரிமைகள் பற்றியது. பொலிஸ் விடயத்தில் மூன்று உறுப்புரைகளை ஞாபகத்தில் வைத்தால் போதும்.

11 ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது, கொடூரமாகவோ மனிதத் தன்மையற்ற விதமாகவோ இழிவாகவோ நடத்தக்கூடாது என்கிறது. வேறு பல உரிமைகளைத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். இதை மட்டுப்படுத்த முடியாது. மாற்றுவதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றும், இனம், மதம், மொழி போன்றவற்றைக் காரணமாக வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. 13 ஆம் உறுப்புரை கைது பற்றியது. சட்டம் விதித்த நடைமுறைப்படி அல்லாமல் கைது செய்யக்கூடாது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அருகிலுள்ள நீதிபதியின் முன் கொண்டுவர வேண்டும். சாதாரண சட்டத்தின் கீழ் பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது.

பொலிஸ் நிலையத்தில் தன் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஒருவர் தோன்றுவதற்கான விதிகள் 2012 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. எனவே “லோயருக்கு இங்க வேலையில்ல” என்று யாராவது சொன்னால் அது பிழை.

ஐந்து கதவுகள்

ஒன்று, பொலிஸுக்குள்ளேயே செய்யும் முறைப்பாடு. பொறுப்பதிகாரி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ்மா அதிபர் என்று மேலே போகலாம். இதற்கு வெளியே இருப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001 இல் 17 ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. 2010 இன் 18 ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015 இன் 19 திருப்பிக் கொடுத்தது, 2020 இன் 20 மறுபடி எடுத்தது, 2022 இன் 21 மறுபடி கொடுத்தது. இந்த இழுபறியைப் பார்த்தாலே அந்த ஆணைக்குழு எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். பொலிஸ் உத்தியோகத்தருக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்கும் கடமை அதற்கு உண்டு. இதன் பலன் ஒழுக்காற்று நடவடிக்கை. இடமாற்றம், பதவியிடை நிறுத்தம், பதவி நீக்கம் என்று அது போகலாம். நட்டஈடு இங்கே கிடைக்காது.

இரண்டு, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை, கண்டி, யாழ்ப்பாணம் உட்பட வெளியூர்களிலும் அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தடுப்பு நிலையங்களைப் போய்ப் பார்க்கும் அதிகாரமும் அதற்கு இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் இந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு சொல்கிறது. பலவீனம் என்னவென்றால், ஆணைக்குழு பரிந்துரை செய்யலாம், கட்டாயப்படுத்த முடியாது.

மூன்று, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு. அரசியலமைப்பின் 17 ஆம், 126 ஆம் உறுப்புரைகள் இதற்கு வழி விடுகின்றன. உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். பாதிக்கப்பட்டவர் தானாகவோ அவர் சார்பில் சட்டத்தரணியோ போடலாம். முதலில் நீதிமன்றம் மனுவைப் பார்த்து விசாரணைக்கு எடுப்பதா என்று தீர்மானிக்கும். மனுவோடு சத்தியக்கடதாசி, வைத்திய அறிக்கை, முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் இணைக்க வேண்டும். பெரும்பாலும் கடதாசியில்தான் வழக்கு நடக்கும், சாட்சிக்கூண்டில் ஏறுவது அபூர்வம். பண வசதியில்லாதவர் எழுதும் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்ற விதிகளில் இடமிருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது.

நான்கு, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அடி, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், பொய் வழக்குப் போட்டு அலைக்கழித்தல் போன்றவற்றுக்கு எங்கள் நாட்டில் உரோம-டச்சுச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கலாம். உத்தியோகத்தர் கடமையின்போது செய்த தீங்குக்காக அரசையும் பிரதிவாதியாக்க 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. காலவரையறைச் சட்டப்படி இத்தகைய வழக்குக்கு இரண்டு வருடம். ஆனால் வழக்குப் போட முன்னர், சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 461 ஆம் பிரிவுப்படி ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு வருடம் என்று நினைத்துக் கடைசிக் கிழமையில் லோயரிடம் ஓடினால் கதை முடிந்தது. இங்கே சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணை உண்டு, செலவும் உண்டு. வருடக்கணக்கில் இழுக்கும்.

ஐந்து, குற்ற வழக்கு. இலங்கை 1994 இல் சித்திரவதைக்கு எதிரான சர்வதேச சமவாயத்தில் சேர்ந்தது. அதே வருடம் 22 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சித்திரவதை செய்தவருக்கு ஆகக் குறைந்தது ஏழு வருடம், கூடியது பத்து வருடம் சிறை. வழக்கு மேல் நீதிமன்றத்தில் நடக்கும். ஆனால் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது சட்டமா அதிபர். அதற்கு முதல் விசாரித்து அறிக்கை கொடுப்பதும் பொலிஸ். முப்பது வருடத்தில் இச்சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர் என்பதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இலஞ்சம் கேட்டதென்றால் அது வேறு கதவு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது அதற்குப் பொருந்துகிறது.

ஒரு மாதத்தை நிறுத்தி வைக்கும் வழி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பந்தியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. அதாவது மணிக்கூட்டை நிறுத்தி வைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்தது என்பதற்கான சான்றை உயர் நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. ஆகவே ஆணைக்குழு தந்த இலக்கம், அழைப்புக் கடிதம், பதில் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். முடியுமானால் ஆணைக்குழுவை மட்டும் நம்பியிராமல் அந்த மாதத்துக்குள்ளேயே உயர் நீதிமன்றத்துக்கும் போவதுதான் பாதுகாப்பு.

தடுப்புக் காவலில் இருப்பவர் என்ன செய்வார்? உள்ளே அடைத்து வைத்துவிட்டு ‘ஒரு மாதம் போய்விட்டது’ என்று சொல்வது நீதியாகாது. 1989 இல் பதிவான நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், தடையின்றி நீதிமன்றத்தை அணுகக்கூடிய நிலை வந்த நாளிலிருந்தே காலம் கணக்கிடப்பட வேண்டும் என்ற கருத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது.

மீன் வியாபாரியின் மகன் உள்ளே இருந்தது ஓர் இரவு மட்டும். அவனுக்கு இந்த இரண்டு வழியும் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

“பொலிஸுக்கு எதிரா வழக்குப் போட்டு வெண்டவன் ஆரு?” என்று கேட்பவர்கள் உண்டு. வென்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

ஜெரல்ட் பெரேரா கொழும்புக் கப்பல் கட்டுந்தளத்தில் சமையல்காரர். 2002 இல் வத்தளைப் பொலிஸார் ஆள் மாறி இவரைப் பிடித்தார்கள். அடியில் சிறுநீரகம் செயலிழந்து, மயக்க நிலையில் பல நாள் கிடந்தார். 2003 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து எட்டு இலட்சம் ரூபா நட்டஈடும், அதற்கு மேலாக வைத்தியச் செலவும் வழங்கக் கட்டளையிட்டது. பிறகு சித்திரவதைச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. அதில் சாட்சி சொல்ல இருந்த நிலையில், 2004 நவம்பரில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் பலமானதற்கு இவருடைய மரணமும் ஒரு காரணம். அந்தச் சட்டம் 2015 இல்தான் வந்தது. இப்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. முறைப்பாடு செய்ததற்காக யாராவது மிரட்டினால் அந்த மிரட்டலே தனிக் குற்றம்.

ஃபாயிஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கு எங்கள் சமூகத்தில் கூடப் பலருக்குத் தெரியாது. வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் தன் கடமையைச் செய்ததற்காக அரசியல்வாதிகளால் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார். பொலிஸார் தடுக்கவில்லை. 1995 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவான அந்தத் தீர்ப்பில், பொலிஸாரின் செயலின்மையும் உரிமை மீறலாகும் என்றும், அவர்களோடு சேர்ந்து செயற்பட்ட வெளியாட்களும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கண்டது. 2014 அளுத்கமை, 2018 அம்பாறை, திகன, 2019 மினுவாங்கொடை என்று பொலிஸார் கைகட்டி நின்ற காட்சிகளைப் பார்த்த எங்களுக்கு இந்தத் தீர்ப்பின் அர்த்தம் விளங்கும்.

பொலிஸ் காவலில் இறந்தவருக்காக யார் வழக்காடுவது என்ற கேள்விக்கு 2003 இல் சிறியாணி சில்வா வழக்கு பதில் தந்தது. அரசியலமைப்பில் ‘உயிர்வாழும் உரிமை’ என்று நேரடியாக எழுதப்படாவிட்டாலும் 13 ஆம் உறுப்புரையில் அது அடங்கியிருக்கிறது, இறந்தவரின் மனைவி மனுவைக் கொண்டு நடத்தலாம் என்று நீதிமன்றம் ஏற்றது.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்கள் எங்களுக்கு மறக்காது. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் சக்கரம் போட்ட உடுப்பு உடுத்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று சொல்லப்பட்டு, அந்த மே மாதத்தில் கைதானார். வாரக்கணக்கில் விளக்கமறியல். அவர் அடிப்படை உரிமை மனுப் போட்டார். நாலரை வருடம் கழித்து, 2023 நவம்பரில் அவருடைய உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து 30,000 ரூபா கொடுக்க வேண்டும். தொகை சிறியது, லோயர் செலவுக்கே காணாது. ஆனாலும் அந்தக் கைது சட்டவிரோதம் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. இனிமேல் ஒருவரின் உடுப்பைப் பார்த்துக் கைது செய்ய நினைக்கும் அதிகாரிக்கு முன்னால் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் காட்டலாம்.

எல்லோருக்கும் இது கிட்டவில்லை. ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் பிடிக்கப்பட்ட ஆசிரியர், கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த காலத்தை எந்தக் கட்டளையும் திருப்பித் தராது.

பெரிய கதிரையில் இருப்பவர்களைத் தொட முடியாது என்பதும் முழு உண்மையில்லை. மிரிஹானையில் ஒரு மனிதர் சித்திரவதை செய்யப்பட்ட வழக்கில் 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, பிரதிவாதிகளில் ஒருவரான தேசபந்து தென்னக்கோன் பதில் பொலிஸ்மா அதிபர். அவரும் வேறு மூன்று உத்தியோகத்தர்களும் தலா ஐந்து இலட்சம் ரூபா செலுத்தக் கட்டளையிடப்பட்டார்கள். அதன் பிறகும் அவர் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார் என்பது நாட்டின் வெட்கம். அந்த நியமனத்தை எதிர்த்து வந்த அடிப்படை உரிமை மனுக்களில்தான் 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதைத் தடுத்தது. பாராளுமன்றக் குழு விசாரணைக்குப் பின் 2025 ஓகஸ்டில் 177 வாக்குகளால் அவர் நீக்கப்பட்டார்.

எங்கள் பக்கப் பிழை

பொலிஸின் பிழையை எழுதிவிட்டு எங்கள் பிழையை விட்டுவிட்டால் இது அரைக் கட்டுரை.

முதலாவது, இடைத்தரகர் பழக்கம். ஒன்று நடந்தால் அரசியல்வாதியின் ஆளைத் தேடுகிறோம். அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆளை வெளியே எடுத்துத் தருவார், உதவிதான். ஆனால் அந்த அழைப்போடு எழுத்தில் எதுவும் மிஞ்சாது. பதிவு இல்லாத இடத்தில் வழக்கும் இல்லை. சமரசம் செய்வதென்றால் செய்யுங்கள். முறைப்பாட்டைப் பதிந்துவிட்டுச் சமரசம் பேசுங்கள்.

இரண்டாவது, ‘பொறுமை’ என்ற சொல்லை நாங்கள் பாவிக்கும் விதம். அடி வாங்கியவனுக்கு ஊர் சொல்லும் முதல் புத்திமதி பொறுமை. காது போனவனிடம் “அல்லாஹ் பாத்துக்குவான்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது எங்களுக்கு லேசு. மார்க்கம் கற்பித்த பொறுமையில் அநியாயக்காரனுக்குக் கால அவகாசம் கொடுப்பதும் அடங்கும் என்று எந்த ஆலிமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாவது, இன்னும் கசப்பானது. எங்கள் ஊர்களில் ஐஸும் தூளும் புகுந்த பிறகு, “தூள்காரனுக்கு அடிச்சாத்தான் சரி” என்று வெளிப்படையாகவே பேசுகிறோம். பொலிஸ் அடித்தால் மகிழ்கிறோம். 1987 இல் அமல் சுதத் சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம், மோசமான குற்றவாளிக்கும் 11 ஆம் உறுப்புரையின் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுத்த வீட்டுப் பொடியனுக்கு விழும் அடியைச் சரி என்று சொன்ன ஊர், தன் வீட்டுப் பொடியனுக்கு விழும்போது சட்டம் பேச முடியாது. ஜெரல்ட் பெரேராவையும் குற்றவாளி என்று நினைத்துத்தான் பிடித்தார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பொய் முறைப்பாடு போடாதீர்கள். தனிப்பட்ட பகைக்காக ஒரு கான்ஸ்டபிளின் தொழிலைக் கெடுக்க எழுதச் சொல்லி என்னிடமும் வந்திருக்கிறார்கள். ஒரு பொய் முறைப்பாடு பின்னால் வரும் பத்து உண்மை முறைப்பாட்டின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

நாள் கணக்கு

நடந்த அன்று: உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். “விழுந்துட்டன்” என்று சொல்லாதீர்கள். பொலிஸார் அடித்தார்கள் என்று வைத்தியரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள். காயத்தைத் திகதி தெரியப் படம் எடுங்கள். போட்டிருந்த சேர்ட்டைக் கழுவாமல் வையுங்கள். நீதவான் முன் கொண்டுபோகப்பட்டால், அடித்தது பற்றி நீதவானிடமே வாய் திறந்து சொல்லுங்கள். கூட்டிவந்த பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்பார், பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வசனம் வழக்கேட்டில் ஏறினால் பிறகு அழியாது.

கையெழுத்து: விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வேறு வழியில்லாமல் போட நேர்ந்தால், வெளியே வந்த கையோடு அந்த விடயத்தையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

முதல் மூன்று நாள்: நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுங்கள். நேரம், இடம், உத்தியோகத்தரின் பெயர், பெயர் தெரியாவிட்டால் சீருடையிலுள்ள இலக்கம், வாகன இலக்கம், பார்த்தவர்கள் யார். கோபத்தையும் ஏச்சையும் விட்டுவிடுங்கள்.

முதல் கிழமை: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1996 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

இரண்டாம் கிழமை: சட்டத்தரணியைச் சந்தியுங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. பொலிஸ் பதிவுகள் தொடர்பான தகவல் தேவையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

ஒரு மாதம் முடிய முன்: உயர் நீதிமன்ற மனு. அது போட்ட இரண்டு மாதத்தில் முடிய வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் போகும். அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

இரண்டு வருடம் முடிய நன்றாக முன்: மாவட்ட நீதிமன்ற வழக்கு.

அந்தப் பொடியனுக்கு என்ன நடந்தது?

முப்பத்தெட்டாம் நாள் வந்தவருக்கு உயர் நீதிமன்றக் கதவு சாத்தியிருந்தது. ஆணைக்குழுக்கள் இரண்டுக்கும் எழுதினோம். மனித உரிமைகள் ஆணைக்குழு இரு தரப்பையும் அழைத்து விசாரித்தது. அறைந்தவர் முதலில் மறுத்தார். பொடியன் சேர்ட்டிலிருந்த இலக்கத்தைச் சரியாகச் சொன்னான். சில மாதத்தில் அந்த உத்தியோகத்தர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். முறைப்பாட்டின் பலனா, வழக்கமான மாற்றமா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். வாப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, “வழக்குக்கு நடந்தா யாவாரம் படுத்துரும் சேர்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பொடியன் இப்போது ஓட்டோ ஓடுகிறான். பின்னாலிருந்து நாம் ஏதாவது சொன்னால் வலது காதை எங்கள் பக்கம் திருப்புவான்.

பதினொராம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் என்று ஒரு பகுதி வரும். வீதியைத் திருத்தித் தரும்படி, நூலகம் அமைத்துத் தரும்படி என்று வருடாவருடம் அதே தலைப்புகளைத்தான் கொடுத்துவந்தேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். ‘அதிகாரி ஒருவரால் உமக்கு நேர்ந்த அநீதி குறித்து ஆணைக்குழுவொன்றுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுக.’ பிள்ளைகள் முதலில் அநீதி, கொடுமை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார்கள். சிவப்புப் பேனையால் அவற்றை வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதுவேன்: எத்தனையாந் திகதி? எத்தனை மணி? இலக்கம் என்ன?